பன்னிரண்டு தூண்களில் மூன்று

ஜார்ஜ்டவுனில் கல்யாண கேக் எங்கே இருக்கிறது என்று கேட்டால் யாரும் ரொட்டிக்கடையைக் காட்டமாட்டார்கள். விரலை மேலே தூக்கி மெனாரா பிந்தாங் லாவுட் என்ற கோபுரக் கட்டடத்தைத்தான் காட்டுவார்கள். அந்தக் கட்டடத்துக்கு ஊர் வைத்த பெயர் அது. கீழே ஐந்து மாடி உயரத்துக்குப் பழைய கடைவீடுகளின் வளைவுகள். ஆனால் ஒவ்வொரு வளைவும் மூன்று வீட்டை விழுங்கும் அளவு பெரியது. அதற்குமேல் நீலக் கண்ணாடி. உச்சியில், எங்கோ ஒரு கிரேக்கக் கோயிலிலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்ததுபோல வட்டமாகப் பன்னிரண்டு வெள்ளைத் தூண்கள், தூண்களுக்குமேல் ஒரு குவிமாடம், குவிமாடத்தின் உச்சந்தலையில் ஒரு பெரிய உருண்டை. உனக்கு எந்த ஊர் என்று கேட்டால் அந்தக் கட்டடமே முழிக்கும்.

தொண்ணூறுகளில் அப்படிக் கட்டுவதுதான் மோஸ்தர். பழைய காலத்து உருவங்களை ஊர் ஊராகப் பொறுக்கி வந்து, புதுக் கட்டடத்தின்மேல் வேடிக்கையாக ஒட்டுவார்கள். படித்தவர்கள் அதற்குப் பின்நவீனத்துவம் என்று பெயர் வைத்தார்கள். பிந்தாங் லாவுட்டில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. சீனர்களுக்கு நான்கு ஆகாத எண் என்பதால், லிப்ட்டில் நான்காம் மாடி, பதினான்காம் மாடி, இருபத்துநான்கு, முப்பத்துநான்கு எதுவும் இல்லை. முப்பத்தாறு என்று பொத்தானை அமுக்கினால் உண்மையில் முப்பத்திரண்டாவது மாடிக்குத்தான் போய்ச் சேர்வீர்கள். பொய்தான். யாருக்கும் கெடுதல் இல்லாத பொய்.

அந்தப் பன்னிரண்டு தூண்களையும் காகிதத்தில் வரைந்தது ஒரு தமிழ்ப் பெண். பெயர் ஜூலியானா. வீடு, கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த்தில், பாகான் டாலாம். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். கான்வென்டில் ஐந்தாம் படிவம், அதாவது பள்ளியிறுதி, முடித்த கையோடு, பதினெட்டு வயதில், பீச் ஸ்திரீட்டில் மிஸ்டர் ஓங் என்ற கட்டடக் கலைஞரின் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தாள். பெரியவர்கள் பென்சிலில் போட்டுக் கொடுப்பதைக் கண்ணாடிபோன்ற தாளில் மையால் பிரதி எடுக்கும் வேலை. கை நடுங்காது. மூன்றே வருடத்தில் பிரதி எடுப்பதை விட்டுவிட்டு, தானே வரைய ஆரம்பித்தாள்.

அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. எந்தக் கோட்டைப் போட்டாலும், இது என்ன, எதைத் தாங்குகிறது என்று கேட்பாள். புரியாமல் ஒரு கோடு போடமாட்டாள். அதனாலேயே மிஸ்டர் ஓங்குக்கு அவளைப் பிடித்தது. பிந்தாங் லாவுட்டின் தூண்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்த அன்றும் அவள் கேட்டாள், இது எதைத் தாங்குகிறது என்று. அவர் சிரித்தார். இது எதையும் தாங்கவேண்டாம் ஜூலி, தூண் என்று ஒன்று இருந்ததை ஞாபகப்படுத்தினால் போதும் என்றார்.

தாங்காத தூண் என்பது அவளுக்கு முதலில் கோமாளித்தனமாகத் தெரிந்தது. வரைய வரைய அதன்மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது. உள்ளே மெல்லிய இரும்புக் குழாய், வெளியே ஃபைபர் ஓடு, ஓட்டின் தலையில் இலையும் பூவும். ஒவ்வொரு இலையையும் அவள்தான் வரைந்தாள். ஏழு மாதம் பிடித்தது. குவிமாடமும் உருண்டையும்கூட ஃபைபர்தான். அவற்றைத் தூண்கள் தாங்கவில்லை, நடுவிலிருந்த ஆறு கம்பிக்கால்கள் தாங்கின. பெர்னார்ட், அவள் புருஷன், துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், கிரேனின் உச்சியில் உட்கார்ந்துகொண்டு கூட வேலை செய்பவர்களிடமெல்லாம் அக்கரையைக் காட்டி, அது என் வீட்டுக்காரி போட்டது என்பாராம். அவள் அதற்காக அவரை ஏசியிருக்கிறாள். உள்ளுக்குள் இனித்தது.

கட்டடம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போது அதன் முதலாளி ஒரு பெங்சுயி பெரியவரை அழைத்துவந்தார். வாஸ்து பார்ப்பதுபோல அவர்களுக்குப் பெங்சுயி. பெரியவர் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தார். வளைவுகளைக் குறைசொல்லவில்லை, கண்ணாடியைக் குறைசொல்லவில்லை. உருண்டையை மட்டும் விரலால் சுண்டிப் பார்த்தார். டொக் என்றது. உள்ளே காலியாக இருக்கிற உருண்டையைத் தலையில் வைத்தால் கல்லாப்பெட்டியும் காலிதான் என்று சொல்லிவிட்டுத் தேநீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

போதாதா? முதலாளி சீனாவிலிருந்து கருங்கல் உருண்டை வரவழைத்தார். துண்டு துண்டாக மேலே ஏற்றி, ஒட்டி, மற்றதோடு சேர்த்து வெள்ளைப் பெயிண்ட் அடித்தார்கள். பதினோரு டன். நடுவிலிருந்த கம்பிக்கால்கள் அதைத் தாங்குமா? பொறியாளர் கணக்குப் போட்டு, மூன்று கைகள் நீட்டிய ஒரு பெரிய இரும்பு முக்காலியைச் செய்யச் சொன்னார். முக்காலியின் கைகளைக் குவிமாடத்துக்குள் மறைத்து, அவற்றின் நுனி வந்து இறங்கும் மூன்று தூண்களுக்குள் மட்டும் மெல்லிய குழாய்க்குப் பதில் இருபது மில்லிமீட்டர் தடித்த குழாய் போட்டார்கள். மேலே ஃபைபர் ஓட்டை மாட்டியபின் எந்தத் தூண் பொய், எந்தத் தூண் மெய் என்று பெற்ற தாய்க்கும் தெரியாது. ஜூலியானா தன் படத்தில் அந்த மூன்று வட்டங்களையும் தடித்த கோட்டில் திருத்தினாள்.

கட்டடம் எழும்பி முடிந்ததும், கட்டியது கட்டியபடி என்று நகராண்மைக் கழகத்துக்கு ஒரு வரைபடக் கட்டு கொடுக்கவேண்டும். ஏஸ்-பில்ட் என்பார்கள். பிற்காலத்தில் அதில் கைவைக்கிறவன் எவனானாலும் அந்தக் கட்டை நம்பித்தான் கைவைப்பான். பதினோரு டன் கல்லை அதில் காட்டினால் புதிதாக அனுமதி கேட்கவேண்டும். மூன்று மாதம் ஆகும். முதலாளிக்கு மூன்று மாதம் பொறுக்க மனமில்லை. மிஸ்டர் ஓங் அவள் மேசைக்கு வந்தார். முகத்தைப் பார்க்காமல் சொன்னார், அந்தத் தாளைப் பழையபடியே ஆக்கிவிடு, பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று.

மையில் போட்ட கோட்டை அழிக்க ரப்பர் போதாது. சவர பிளேடால் சுரண்டவேண்டும், தாள் கிழியாமல். ஜூலியானா ஒரு காலைப்பொழுது முழுக்க உட்கார்ந்து மூன்று தடித்த வட்டங்களையும் சுரண்டி எடுத்தாள். நகத்தால் தேய்த்து மழுமழுவென்று ஆக்கி, அதே இடத்தில் மெல்லிய வட்டங்களைப் போட்டாள். கல் என்று எழுதியிருந்ததைச் சுரண்டிவிட்டு ஃபைபர் என்று எழுதினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்ததுபோல் பதினோரு டன் கல்லைத் தாளில் மறைத்தாகிவிட்டது. தாளின் மூலையில், வரைந்தவர், சரிபார்த்தவர் என்று இரண்டு கட்டங்கள். இரண்டிலும் ஜே.பி. என்று போட்டாள். ஜூலியானா பெர்னார்ட்.

பிறகு என்று சொன்ன அந்தப் பிறகு வரவேயில்லை. பொறியாளர் பெர்த் நகரத்துக்குக் குடிபெயர்ந்து அங்கேயே இறந்தார். மிஸ்டர் ஓங்கும் இரண்டாயிரத்து ஆறில் போய்ச்சேர, ஆபீசை மூடினார்கள்; தாள்களெல்லாம் பழைய பேப்பர்காரனுக்குப் போயின. ஜூலியானா அலமாரி செய்யும் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டரில் படம் போட்டுக்கொண்டிருந்து அறுபதில் ஓய்வு பெற்றாள். பெர்னார்ட் மாரடைப்பில் போனார். ஞாயிறு தவறாமல் பூசை, தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனம். கோபப்பட்டதையெல்லாம் சாமியிடம் சொன்னாள், மாமியாரை மனதுக்குள் வைததைக்கூடச் சொன்னாள். மூன்று வட்டங்களைச் சொன்னதில்லை. ஒளிக்கவேண்டும் என்றில்லை. மறந்தே போனாள்.

இருபத்தொன்பது வருடம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், இரண்டு வீடு தள்ளியிருக்கும் குணவதி கதவைத் தட்டினாள். குணவதிக்கு வேலை பிந்தாங் லாவுட்டின் நிர்வாக ஆபீசில். அவள் முகத்தில் துக்கம் விசாரிக்க வந்த களை இருந்தது.

"அக்கா, ஒங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. ஒங்க தூண எல்லாம் எடுக்கப் போறாங்க."

"எல்லாத்தையுமா?"

"பன்னெண்டும். அன்னிக்கு ஒரு பூ ஒடைஞ்சி கீழ நின்ன காடி கண்ணாடி மேல விழுந்துச்சில்ல, அதுலேர்ந்து மீட்டிங் மேல மீட்டிங். வியாழக்கெழம காலையில ஏழர மணிக்கு ஆரம்பிக்கிறாங்க. ரோட்டக்கூட மூடப்போறாங்க."

"குவிமாடம்? உருண்ட?"

"அது அப்படியே இருக்கும்க்கா. உருண்டையில கைவச்சா ஆகாதுன்னு ஓனருங்க சொல்லிட்டாங்க. தூண்தான் எதையும் தாங்கலையாமே, அதனால ஒண்ணும் பிரச்சன இல்லைன்னாங்க."

முதலில் ஜூலியானாவுக்கு ஏழு மாத இலைகளும் பூக்களும்தான் கண்முன் வந்து நின்றன. குணவதி அவள் தோளைத் தொட்டு ஏதோ ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த ஆறுதலுக்கு நடுவில்தான் பிளேடு ஞாபகம் வந்தது. தடித்த குழாய்களில் ஒன்றை அறுத்தாலும் முக்காலிக்கு ஒரு கால் போய்விடும். பதினோரு டன் கல் சாயும். தூணைப் பிடித்துக்கொண்டு அறுக்கிற ஆட்கள் அதற்கு நேர்கீழே நிற்பார்கள். அவர்கள் கையில் இருக்கப்போவது அவள் சுரண்டிய தாள்.

"நாளைக்கு நானும் ஒன்கூட ஆபீசுக்கு வர்றேன் குணா," என்றாள்.

புதன்கிழமை காலை, நிர்வாக ஆபீசின் கூட்ட அறையில் குணவதி அவளைத் தூண்களை எடுக்கப்போகும் குத்தகைக் கம்பெனியின் பொறியாளனிடம் விட்டுவிட்டுப் போனாள். பெயர் யுகேந்திரன். முப்பது வயது இருக்கும். "இவங்க பழைய ஆர்க்கிடெக்ட் ஆபீஸ்ல இருந்தவங்க" என்று மட்டும் குணவதி சொல்லியிருந்தாள். மேசையில் அந்தத் தாளின் நகல் விரித்துக் கிடந்தது. தன் கையெழுத்தை ஜூலியானா வாசலிலேயே அடையாளம் கண்டுகொண்டாள். அதற்குமேல் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

சொல்லவேண்டியதைச் சொன்னாள். உருண்டை கல், மூன்று தூண்களுக்குள் இருபது மில்லி குழாய். யுகேந்திரன் குறுக்கே பேசாமல் கேட்டான்.

"ஆன்ட்டி, நீங்க சொல்றது பெரிய விசயம். ஆனா இதுல உருண்ட ஃபைபர்னுதான் போட்டிருக்கு. குழாய் பன்னெண்டும் மூணு மில்லி."

"மாத்துனாங்க தம்பி. கடைசி நேரத்துல."

"மாத்துனா ஏஸ்-பில்ட்ல வரணும்லா. யாரு வராம விட்டது?"

"மிஸ்டர் ஓங்தான்... அவசரம்னு விட்டுட்டாரு."

செத்தவர் எழுந்து வந்து மறுக்கப்போவதில்லை. அது பாதி உண்மையும்கூட. யுகேந்திரன் தாளின் மூலையில் விரலை வைத்தான்.

"இந்த ஜே.பி. யாரு ஆன்ட்டி? வரஞ்சதும் அவங்கதான், செக் பண்ணதும் அவங்கதான். அவங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டா முடிஞ்சிரும்."

கேட்டது அவ்வளவுதான். நான்தான் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். ஜூலியானாவுக்கு அந்த மூச்சு வரவில்லை. எதிரில் பிள்ளை வயதில் ஒருவன், வெளியே, அக்காவின் தூண் என்று ஆபீஸ் முழுக்கப் பெருமையடித்து வைத்திருக்கும் குணவதி, போய்ச்சேர்ந்த பெர்னார்ட்.

"அப்ப வேல பாத்த ஒரு பிள்ள," என்றாள். "இப்ப எங்க இருக்கோ, தெரியாது."

"நீங்க அங்க என்னவா இருந்தீங்க?"

"ஆபீஸ் வேல. டைப்பிங்கு, ஃபைலு."

யுகேந்திரன் பேனாவால் மேசையைத் தட்டிக்கொண்டு யோசித்தான். கெட்டவனில்லை. டைப்பிங் செய்த கிழவி சொன்னாள் என்று வேலையை நிறுத்தினால் மேலே இருப்பவர்கள் சிரிப்பார்கள். கிழவி சொன்னது மெய்யாகிவிட்டால் அழவேண்டியிருக்கும். நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தான்.

"சரி, பெரியவங்க இவ்ளோ தூரம் வந்து சொல்றீங்க. அந்த மூணு தூண மட்டும் தொடாம வைக்கிறேன். திங்கட்கெழம கன்சல்டன்ட் வருவாரு, தூணுல ஓட்ட போட்டுப் பாத்துருவோம். மத்த ஒம்பதும் நாளைக்கு ஆரம்பிக்கும். எந்த மூணு?"

தாளை அவள் பக்கம் திருப்பிவைத்தான். குனிந்து, விரலால் தொட்டுக் காட்டியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? அந்தத் தாளின்மேல் குனிந்தால் சுரண்டிய தடம் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று அவளுக்கு ஒரு பயம். நகலில் ஏது தடம்? பயத்துக்கு அதெல்லாம் தெரியாது.

"ஒண்ணு, ஆறு, பத்து," என்றாள், தாளைப் பார்க்காமலே. "படிக்கட்டுக் கதவுலேர்ந்து எண்ணணும்."

"கண்டிப்பா?"

"கண்டிப்பா."

அவன் போனில் குறித்துக்கொண்டான். எங்கள் ஆட்கள் எல்லாத் தூணிலும் சிவப்புப் பெயிண்ட்டில் நம்பர் போட்டுவிட்டார்கள், அதனால் குழப்பம் வராது என்றான். ஜூலியானா எழுந்து வெளியே வந்தாள். குணவதி தேநீர் வாங்கிவைத்திருந்தாள். அதைக் குடிக்கக்கூட நிற்கவில்லை.

மறுநாள் அவளுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. தூண்கள் போவதைக் கண்ணாலே பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று கிளம்பினாள். குணவதி முந்தின ஃபெரியிலேயே போயிருந்தாள். ஜூலியானா ஏறிய ஃபெரி கரையை விட்டபோது எட்டாகப் பத்து நிமிடம். வேலைக்குப் போகிற கூட்டம். பாகான் டாலாம் முகங்களே பாதி. "ஆன்ட்டி, பசியாறியாச்சா" என்று யாரோ கேட்டார்கள். ஆச்சு என்றாள்.

தூரத்தில் பிந்தாங் லாவுட்டின் உச்சியில் பச்சை வலை கட்டியிருந்தது. வலைக்குமேல் உருண்டை வெயிலில் வெளுத்துத் தெரிந்தது. அதன் கீழே இருக்கும் முக்காலியை அவள் மனதில் நிறுத்திப் பார்த்தாள். மூன்று கைகள். அடுப்புக்கு மூன்று கல் வைத்தால் சம தூரத்தில் வைப்பார்கள். இல்லையென்றால் சட்டி கவிழும். பன்னிரண்டு தூணில் மூன்றுக்குச் சம தூரம் என்றால் நாலு நாலாக வரவேண்டும். ஒன்று. ஆறு. பத்து. ஒன்றிலிருந்து ஆறுக்கு ஐந்து. ஆறிலிருந்து பத்துக்கு நாலு. பத்திலிருந்து திரும்ப ஒன்றுக்கு மூன்று.

கவிழ்ந்துவிடுமே என்றுதான் முதலில் நினைத்தாள். அந்தக் காலத்துப் பொறியாளர் அப்படிப் போடமாட்டார். அவள் விரல்விட்டு மறுபடி எண்ணினாள், இந்தத் தடவை அந்தக் காலத்தில் வரைபடத்தில் எழுதிய நம்பர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி. ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து. நான்கு கிடையாது. முதலாளி கட்டடத்தில் எங்குமே நான்கு வரக்கூடாது என்று சொல்லியிருந்தார், தூணுக்குக்கூட. அவள் வரைபடத்தில் பன்னிரண்டாவது தூணின் நம்பர் பதின்மூன்று. அவளுடைய ஆறு, எண்ணிக்கையில் ஐந்தாவது தூண். அவளுடைய பத்து, ஒன்பதாவது. சிவப்புப் பெயிண்ட் அடித்தவனுக்கு இதெல்லாம் தெரியாது, எல்லோரும் எண்ணுகிறமாதிரி ஒன்று முதல் பன்னிரண்டுவரை எண்ணிப் போட்டிருப்பான். காப்பாற்றி வைத்த ஆறும் பத்தும் வெறும் ஓடு. அறுக்கப்போகிற ஐந்திலும் ஒன்பதிலும்தான் கல் நிற்கிறது.

மணி எட்டு அடித்து மூன்று நிமிடம். ஃபெரி நடுக்கடலில் இருந்தது. அவளிடம் யுகேந்திரனின் நம்பர் இல்லை. குணவதியை அழைத்தாள்.

"குணா, வேலைய நிறுத்தச் சொல்லு. நான் தப்பா சொல்லிட்டேன். மேல போ. ஓடு. போன வைக்காத."

குணவதி ஏன் என்று கேட்கவில்லை. அந்த நல்ல குணம் அவளிடம் உண்டு. லிப்ட் கதவு மூடும் ஓசை கேட்டது. பிறகு அவள் மூச்சு, இரும்புப் படியில் செருப்பு ஓசை, பிறகு அறுக்கும் இயந்திரத்தின் கிறீச்சிடல். ஆரம்பித்துவிட்டார்கள். ஜூலியானா கம்பியைப் பிடித்துக்கொண்டாள். யுகேந்திரன் குரல் வந்தது.

"என்ன ஆன்ட்டி?"

"ஆறு பத்து இல்ல தம்பி. அஞ்சு, ஒம்போது. ஒங்க நம்பர்ல அஞ்சும் ஒம்போதும். அறுக்காதீங்க."

"ஆன்ட்டி, நேத்து கண்டிப்பான்னு சொன்னீங்க. இன்னிக்கு வேற சொல்றீங்க. ரோட்ட மூடி வச்சிருக்கு, பதினொரு மணிவரைக்கும்தான் டைம். டைப்பிங் செஞ்சவங்களுக்கு இதெல்லாம் எப்படி ஞாபகம் இருக்கும்? திங்கட்கெழம பாத்துக்கலாம்லா."

எஞ்சின் இரைந்துகொண்டிருந்தது. காற்று வேறு. மெதுவாகச் சொன்னால் அவனுக்குக் கேட்காது. சுற்றிலும் தெரிந்த முகங்கள். ஜூலியானா குரலை உயர்த்தினாள்.

"நான் டைப்பிங் செய்யல. அந்த ஜே.பி. நான்தான். ஜூலியானா பெர்னார்ட். அந்தப் படத்த வரஞ்சவ நான். கல்லுன்னு எழுதியிருந்தத பிளேடால சொரண்டிட்டு ஃபைபர்னு பொய் எழுதுனவ நான். மூணு தடிச்ச வட்டத்தயும் நானே சொரண்டினேன். சரிபாத்தேன்னு கையெழுத்தும் போட்டேன். நேத்து ஒங்க முன்னால உக்காந்து வேற யாரோன்னு சொன்னதும் பொய். எங்க படத்துல நாலாம் நம்பர் கெடையாது தம்பி. எண்ணிப் பாருங்க. ஆள எறக்குங்க, கெஞ்சிக் கேக்குறேன்."

ஃபெரியில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பசியாறியாச்சா என்று கேட்டவள் தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு யுகேந்திரன் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு மலாயில் நிறுத்து, நிறுத்து என்று கத்துவது தூரத்தில் கேட்டது. கிறீச்சிடல் நின்றது.

அவள் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது எட்டரை ஆகியிருந்தது. காவலாளி தடுக்கவில்லை, கூட்டிப்போகும்படி சொல்லியிருந்தார்கள்போல. ஐந்தாம் தூணின் ஓட்டைக் கழற்றி இலைகளோடும் பூக்களோடும் ஒரு மூலையில் சாத்தியிருந்தார்கள். உள்ளே இருந்த குழாய் அவள் தொடைப் பருமன். கடலைப் பார்த்த பக்கம் பாதிச் சுற்றுக்கும் மேலே அறுபட்டிருந்தது. வெட்டுவாயில் யுகேந்திரன் அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டு இருபது என்றான், யாரிடம் என்றில்லாமல். வெட்டின் இரண்டு பக்கமும் இரும்புப் பட்டைகளை வைத்து இறுக்கிக்கொண்டே அவன் போனில் யாரையோ வரச்சொல்லிக்கொண்டிருந்தான். அவளை அவன் ஏசவில்லை. அவளைப் பார்க்கவும் இல்லை.

அறுத்த ஆள் தண்ணீர்ப் பீப்பாயின்மேல் உட்கார்ந்திருந்தான். அஸ்ஹர் என்று பெயர், தமிழ் முஸ்லிம், நாற்பது வயது சொல்லலாம். கூட இரண்டு ஆட்கள் கீழே தரையில். ஜூலியானா அவன்முன் போய் நின்றாள்.

"மூணு மில்லின்னாங்க," என்றான் அவன். "அஞ்சு நிமிசத்துல விழுந்துரும்னாங்க. இருவது நிமிசமா அறுக்குறேன், ரெண்டு அறுக்குற தட்டு தேஞ்சிபோச்சி. என்னடா இதுன்னு தோணுச்சி. சீக்கிரம் சீக்கிரம்னு கீழேர்ந்து ஏசுறாங்க. சரி, படத்துல அப்படித்தான இருக்குன்னு அறுத்துக்கிட்டே இருந்தேன்."

"தம்பி, அந்தப் படம்..."

"தெரியும்க்கா. போன்ல நீங்க சொன்னத இன்ஜினியர் எல்லார்கிட்டயும் சொல்லிட்டாரு."

அவன் தண்ணீர் குடித்தான். அவன் தலைக்குமேல், உடைந்த கூரைப்பூச்சின் இடைவெளியில், முக்காலியின் ஒரு கை துருப்பிடித்துத் தெரிந்தது.

"ஒண்ணு கேக்கலாமா?" என்றான். "இத்தன வருசமா ஒங்களுக்கு இது தெரியும். தூக்கம் வந்துச்சா?"

கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். வரவில்லை என்று சொன்னால் அவனுக்கு ஆறுதலாக இருக்கும். இருபத்தொன்பது வருடம் படுக்கையில் புரண்டவளை யாரும் மன்னித்துவிடுவார்கள். அந்தப் பொய் நாக்கின் நுனிவரைக்கும் வந்தது.

"வந்துச்சு தம்பி," என்றாள் ஜூலியானா. "நல்லா தூங்குனேன். ஒரு நாளுகூடக் கெடல."

அஸ்ஹர் தண்ணீர்ப் புட்டியை மூடினான். பிறகு எழுந்து, கையுறைகளைப் பொறுக்கிக்கொண்டு, மற்ற இருவரையும் கூப்பிட்டு முன்னால் விட்டு, படியில் இறங்கிப்போனான். அவர்கள் மூன்று பேரின் காலடிச் சத்தமும் கீழே போய் ஓயும்வரை அவள் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.